கேரட்டில் தொடங்கிய ரப்பர்

ஒரே பொருள் இரண்டு முறை உருகுமா?

1888ஆம் ஆண்டு பிராக் நகரில் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளருக்கு இந்தச் சந்தேகம் வந்தது. கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலைக் கொண்டு ஒரு பொருளைத் தயாரித்து, அதைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். 145.5 டிகிரி செல்சியஸில் அது உருகியது. ஆனால் தெளியவில்லை, கலங்கலாகவே நின்றது. விடாமல் சூடேற்றினார். 178.5 டிகிரியில் கலங்கல் போய்ப் பளிச்சென்று தெளிந்தது. அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நுண்ணோக்கிக்கு அடியிலேயே பொருள்களைச் சூடாக்கிப் பார்த்துவந்த ஓட்டோ லேமன் என்ற ஜெர்மானிய இயற்பியலாளருக்குக் கடிதம் எழுதினார்.

லேமன் பார்த்தபோது அந்தக் கலங்கல் நீர்மம் ஓடியது. ஆனால் ஒளியைப் படிகம்போலக் கையாண்டது. அதன் மூலக்கூறுகள் குச்சி வடிவம் கொண்டவை. அவை இடம் மாறி நகர்ந்துகொண்டே இருக்கும், ஆனாலும் அக்கம்பக்கத்துக் குச்சிகளோடு ஒத்த திசையைப் பார்த்தே நிற்கும். சூடு ஓர் அளவைத் தாண்டினால் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். இதுதான் திரவப் படிகம். கால்குலேட்டர் திரையில் எண்களைக் காட்டுவதும் இந்த வகைப் பொருள்தான்.

திரவப் படிகம் என்றாலே எல்லாரும் திரையோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ அதைவிட அதில் செய்யும் ரப்பர்தான் பெரிய ஆச்சரியம்.

ரப்பர் என்பது நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகளின் சிக்கல். அங்கங்கே முடிச்சு போட்டதுபோல அவை ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். இந்தச் சங்கிலிகளில் திரவப் படிகக் குச்சிகளையும் கோத்துவிட்டால் என்ன ஆகும்? காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் கைகோத்து, நேராக, ஒரே திசையில் நிற்கிறீர்கள். மணி அடித்ததும் ஆளுக்கொரு பக்கம் திரும்புகிறீர்கள், ஆனால் கையை விடவில்லை. வரிசையின் நீளம் குறையும், அகலம் கூடும். ரப்பருக்குள்ளும் அதேதான் நடக்கிறது. சூடாக்கினால் குச்சிகள் திசை கலைந்து, சங்கிலிகள் சுருண்டு, ரப்பர் நீளத்தில் குறுகிப் பக்கவாட்டில் பருக்கும். உங்களை மறுபடி வரிசையாக்க பி.டி. சார் விசில் ஊத வேண்டும். ரப்பருக்கு ஆறினாலே போதும், பழைய நீளத்துக்கு வந்துவிடும்.

எந்தத் திசையில் நீள வேண்டும் என்பது ரப்பருக்கு எப்படி நினைவிருக்கிறது? முதலில் செய்த ரப்பர்களில் இந்த நினைவு இல்லை. ஒவ்வொரு திட்டிலும் குச்சிகள் வெவ்வேறு திசையைப் பார்த்ததால், மொத்தத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. 1991இல் ஜெர்மனியின் ஹைனோ ஃபிங்கெல்மன் குழு ஒரு வழி கண்டது. பாதி முடிச்சுகளை மட்டும் முதலில் போட்டார்கள். ரப்பரை இழுத்து, குச்சிகளை எல்லாம் ஒரு பக்கம் திருப்பினார்கள். அந்த நிலையிலேயே மீதி முடிச்சுகளையும் போட்டுவிட்டார்கள். நினைவு இருப்பது அந்த முடிச்சுகளில்தான். எலக்ட்ரீஷியன்கள் மின்கம்பி இணைப்பில் மாட்டிச் சூடு காட்டும் பிளாஸ்டிக் குழாயும் சுருங்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஒரே ஒரு தடவை. இந்த ரப்பர் சுருங்கும், நீளும், மறுபடியும் சுருங்கும். இதைத் தசைபோல வேலை செய்ய வைக்கலாம் என்று சொன்னவர் பிரான்சின் பியர்-கில் டி ஜென். திரவப் படிகங்களையும் இத்தகைய நீண்ட சங்கிலிகளையும் ஆராய்ந்ததற்காக 1991இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

சூடு மட்டுமல்ல, ஒளியும் இதை அசைக்கும். அசோபென்சீன் என்ற குச்சி மூலக்கூறு, புற ஊதா ஒளி பட்டால் நடுவில் மடங்கிவிடும். மடங்கிய குச்சி பக்கத்துக் குச்சிகளின் ஒழுங்கையும் கெடுக்கும். இந்தக் குச்சிகளைக் கோத்த ரப்பர்த் தாளில் ஒளி மேற்பரப்போடு நின்றுவிடுவதால் மேல்பக்கம் மட்டும் சுருங்க, தாள் வளைகிறது. 2003இல் ஜப்பானின் தொமிகி இக்கேடா குழு, முடியைவிட மெல்லிய இத்தகைய தாளை ஒளியாலேயே வேண்டிய திசையில் வளைத்துக் காட்டியது. அடுத்த ஆண்டு வேறொரு குழு, சாயம் கலந்த ரப்பர்த் துண்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மேலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சியது. துண்டு வளைந்து, தண்ணீரைத் தள்ளி, வெளிச்சத்தை விட்டு இருட்டுக்கு நீந்திப் போனது!

இப்போது கொஞ்சம் கணக்கு. வட்டமான ஒரு மெல்லிய ரப்பர்த் தாள். அதில் குச்சிகளை வட்டம் வட்டமாக, சுற்றளவின் திசையில் அடுக்கியிருக்கிறார்கள். சூடாக்கினால் சுற்றளவு குறைய வேண்டும், குறுக்கே ஆரம் கூட வேண்டும். ஆனால் தட்டையான வட்டத்தில் சுற்றளவு எப்போதும் 2πr அல்லவா? ஆரம் கூடிச் சுற்றளவு குறைந்தால் தாள் தட்டையாக இருக்கவே முடியாது. கூம்பாக எழும்பித்தான் ஆக வேண்டும்! நம்பிக்கை இல்லையென்றால் வட்டமாக வெட்டிய காகிதத்தில் பீட்சாத் துண்டு அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு விளிம்புகளையும் ஒட்டிப் பாருங்கள். சுற்றளவைக் குறைத்துவிட்டீர்கள், காகிதம் கூம்பாகிவிடும். ரப்பருக்குக் கத்தரியும் வேண்டாம், பசையும் வேண்டாம். எழும்பும் கூம்பு தன்னைவிடப் பல மடங்கு எடையையும் தூக்கும். ஆறியதும் மறுபடி தட்டை.

மோட்டாரோ பற்சக்கரமோ இல்லாமல் அசையும் மென்மையான ரோபோக்களை இதில் செய்துபார்க்கிறார்கள். ஒரு தொல்லை உண்டு. தடிமனாகச் செய்தால் உள்ளே போன சூடு வெளியேற நேரம் பிடிக்கும், ரப்பர் மந்தமாகிவிடும். அதனால் பெரும்பாலும் மெல்லிய தாள்களும் இழைகளுமாகவே செய்கிறார்கள்.