கொடியடுப்பில் ஒரு வாடகை வீடு

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய சமையலறைகளில் கொடியடுப்பு இருக்கும். விறகு வைப்பது பெரிய அடுப்பில். அதன் பக்கவாட்டில் ஒரு துவாரம். அனல் அந்த வழியாகப் பக்கத்துச் சிறிய அடுப்பான கொடிக்குப் போகும். கொடியில் ஏற்றிய பாலுக்கோ பருப்புக்கோ தனி விறகு கிடையாது. பெரிய அடுப்பில் தீ எகிறினால் பால் பொங்கி வழியும். தணிந்தால் பருப்பு வேகாமல் கிடக்கும். நெருப்பை வைத்தவர் ஒருவர், பாத்திரத்தை வைத்தவர் இன்னொருவர். துவாரம் எவ்வளவு பெரிது என்பதுதான் சமாச்சாரம்.

வாடகைக்கு விடுவதற்காக வாங்கும் முதல் வீடும் இப்படித்தான் வேகும். விறகு பக்கத்து வீட்டுக்காரரிடம். பாத்திரத்தில் இருப்பவர் நம் குடித்தனக்காரர். தஞ்சை மருத்துவக் கல்லூரிச் சாலையில் வீடு தேடும் செவிலியரோ மாற்றலாகி வந்த வங்கி ஊழியரோ உங்கள் எல்லைத் தகராறுக்காகச் சண்டை போட மாட்டார். சொல்லிவிட்டுக் காலி செய்வார். எனவே ‘பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்?’ என்று விசாரிப்பதோடு நிறுத்தாமல், அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு எத்தனை துவாரம் என்று எண்ண வேண்டும்.

முதல் துவாரம்: சுவர்

தஞ்சையின் நான்கு வீதிகளை ஒட்டிய பழைய தெருக்களிலும் கும்பகோணத்திலும் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, தெருவாசல் முதல் கொல்லை வரை நீளும். அந்தச் சுவர் யாருடையது? மூலப்பத்திரத்தில் நான்கெல்லை எழுதிய இடத்தில் ‘பொதுச்சுவர் பாத்தியம்’ என்று இருந்தால், இடித்துக் கட்டும் நாளில் இரண்டு பேர் சம்மதமும் வேண்டியிருக்கும். பத்திரத்து அளவும், சர்வே வரைபடத்து அளவும், நேரில் நாடா பிடித்த அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால், விற்பவர் பெயரில் பட்டா இருக்கும்போதே சர்வேயரை வரவழைத்து அளந்து கல் நடச் சொல்லுங்கள். கிரயம் முடிந்த பிறகு அளந்தால், அது நீங்கள் தொடங்கிய சண்டையாகிவிடும்.

இரண்டாவது: தண்ணீர்

டெல்டாவில் பெரிய துவாரம் இதுதான். நஞ்சையைத் தூர்த்து மனை போட்ட நகர்களில், பின்னால் வீடு கட்டுகிறவர் முன்னால் கட்டியவரைவிட உயர்த்தி மண் அடிப்பார். அவர் வீட்டு மழைத் தண்ணீர் பள்ளத்து வீட்டில் வந்து நிற்கும். வடிகால் வாய்க்காலை யாராவது மேடாக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். சித்திரையில் வீடு பார்த்தால் எதுவும் தெரியாது. தரை காய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். முடியாவிட்டால், சுவரின் அடியில் உப்புப் பூத்த கோடு எவ்வளவு உயரத்தில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது: வழி

கொல்லைக்குப் போகும் சந்து, பொதுக் கிணறு, சாக்கடை ஓடும் ஓரம். இங்கே 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் வேலை செய்கிறது. 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையின்றி, தன் உரிமை என்றே ஒருவர் ஒரு வழியைப் பயன்படுத்தி வந்தால், பத்திரத்தில் எழுதியிருக்காவிட்டாலும் அது அவருக்கு உரிமையாக முடியும். வில்லங்கச் சான்றிதழில் இது வராது. அதில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டுமே. தெருவில் நாலு பேரைக் கேட்டால்தான் தெரியும்.

நான்காவது: காதும் வாயும்

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். குடித்துவிட்டு வாசலில் கத்துகிறவருக்கு எந்த விதியும் உடனே உறைக்காது. அதைவிட மோசம், ‘என்ன ஆளுங்க?’ என்று சாதி கேட்டு, வருகிற குடித்தனக்காரரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வாய். இதையெல்லாம் பகல் 11 மணிக்குத் தரகரோடு போய்க் கண்டுபிடிக்க முடியாது. ராத்திரி தனியாகப் போய், பெட்டிக்கடையில் ஒரு டீ குடித்தபடி, இதற்கு முன் குடியிருந்தவர்கள் எத்தனை மாதம் தாங்கினார்கள் என்று கேளுங்கள்.

எதை அடைக்கலாம்?

சுவரும் வழியும் காகிதத்தில் அடைபடும்: அளவை, பத்திர வாசகம், தேவைப்பட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு. பொதுச் சாக்கடையையோ பொது வழியையோ யாராவது மறித்தால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். தண்ணீர் செலவில் அடைபடும். தரையை உயர்த்தவும் வடிகால் போடவும் ஆகும் தொகையைக் கொத்தனாரிடம் கேட்டு, விலையில் குறையுங்கள். வாயை அடைக்க வழியில்லை.

விற்பவர் சொல்லட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. சொத்து மாற்றுச் சட்டப்படி, வாங்குபவர் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத, தனக்குத் தெரிந்த முக்கியக் குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும். அந்தக் கடமை சொத்திலும் உரிமையிலும் உள்ள குறைகளுக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரரின் குணம் அதில் சேராது.

குடித்தனக்காரரை ஒப்பந்தத்தால் கட்டிப்போடலாம் என்பதும் நடக்காது. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கேட்கிறது. முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையைப் பொது அளவாக வைக்கிறது. அதற்கு மேல் அவரைப் பிடித்து வைப்பது வீட்டின் நிம்மதிதான்.

கணக்கு

ஓர் உதாரணம். வீடு 35 லட்சம், வாடகை மாதம் 9,000. வருடத்துக்கு 1,08,000, போட்ட பணத்தில் 3 சதவீதம். இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் 90,000. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று கிரயத்தன்றே 3,15,000 போய்விடும். கிட்டத்தட்ட மூன்று வருட வாடகை அது. பக்கத்து வீடு சரியில்லை என்று மறு வருடமே விற்றால் அந்தப் பணம் திரும்பாது. குடித்தனக்காரரைப் போல ஒரு மாதத்தில் காலி செய்யும் வசதி வாங்கியவருக்கு இல்லை. ஆகவே முதல் மூன்று துவாரங்களுக்காக விலையைப் பேசுங்கள். நான்காவது பெரிதாக இருந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.