பல்லார்ஷாவில் ஏறிய பாடம்

கல்விச் சுற்றுலா என்றதும் மாணவர் மனம் செங்கோட்டைக்கும் தாஜ்மகாலுக்கும் தாவிவிடுகிறது. சென்னைக்கும் தில்லிக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 2,180 கிலோமீட்டரைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய தொல்லையாகவே பலரும் கருதுகின்றனர். “விமானத்தில் மூன்று மணி நேரந்தானே, ஐயா?” என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்க்கு முதல்வரின் சான்றின்பேரில் இரயில் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டென்று விடை கூறினேன். அது பணத்தைப் பற்றிய விடை மட்டுமே என்பது பின்னர்தான் விளங்கிற்று.

2019 சனவரியில் முதுகலை மாணவர் 22 பேருடன் தமிழ்நாடு விரைவு இரயிலில் ஏறினோம். 1976இல் ஓடத் தொடங்கிய வண்டி அது. இரவு பத்து மணிக்குச் சென்ட்ரலை விட்டோம். கிருஷ்ணையாற்றை உறக்கத்திலேயே கடந்தோம். காலையில் இராமகுண்டத்தை அடுத்துக் கோதாவரியின் நெடும்பாலம் வந்தது. அதுவரை நிலையப் பெயர்ப்பலகைகளில் தெலுங்கு எழுத்துகளைத் தடவித்தடவிப் படித்து வந்த மாணவர், பல்லார்ஷாவில் தேவநாகரியைக் கண்டதும், “இனி நம் மொழிக் குடும்பம் முடிந்தது, ஐயா” என்றனர். நானும் தலையசைத்தேன். ஆசிரியரும் பிழை செய்வதுண்டு!

அங்கே ஏறிய இளைஞர் ஒருவர் எங்கள் இருக்கையருகே அமர்ந்தார். வீட்டில் உருது பேசும் வாணியம்பாடி மாணவர் அவரோடு இந்தியில் உரையாடினார். சந்திரபூர்ப் பக்கத்துச் சிற்றூர். வீட்டில் பேசுவது கோண்டி. அச்சொல் காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்தேன். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே இடம்பெற்ற மொழி. எங்கள் மாணவர் தேர்வுக்காக மனப்பாடம் செய்த பெயர். ஆதிலாபாத்திலிருந்து சந்திரபூர், சாத்பூரா மலைத்தொடரின் பேதுல், சிந்த்வாரா வரை அது வழங்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதனைத் தாய்மொழியாகக் குறித்தோர் 29 லட்சத்துக்கும் மேற்பட்டோர். முடிந்துவிட்டதென்று நாங்கள் நினைத்த குடும்பத்தின் நடுவேதான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

எண்ணிக் காட்டுமாறு வேண்டினோம். அவர் முதலில் கூசினார். பிறர் நகைப்பர் என்று அஞ்சினார் போலும். பிறகு மெல்லத் தொடங்கினார்: உந்தி, ரண்ட், மூண்ட், நாலுங், சையுங். “ரண்ட்” என்றதும் ஒரு மாணவி “இரண்டு!” என்று கூவினார். “நாலுங்” என்றதும் பெட்டியே ஆரவாரித்தது. இவர்கள் ஏன் மகிழ்கிறார்கள் என்று அவர் திகைத்தார். எங்கள் மொழியும் உங்கள் மொழியும் உறவு என்று விளக்கியபின் பத்துவரை தாமே உரக்க எண்ணினார். நூலில் ஓர் அட்டவணையாக நான் எத்தனையோ முறை நடத்திய பாடம் அது. அன்றுபோல் ஒருநாளும் நடத்தியதில்லை.

நாக்பூரில் இறங்குமுன் அவர் ஒன்று சொன்னார். தம் அக்காள் பிள்ளைகளுக்கு இம்மொழி தெரியாதாம். பள்ளியில் பிறர் ஏளனம் செய்ததால் வீட்டிலும் பேசுவதை விட்டுவிட்டார்களாம். மொழிபெயர்த்த மாணவரின் குரல் தாழ்ந்தது. சற்று முன் ஆரவாரித்த பெட்டியில் நெடுநேரம் எவரும் பேசவில்லை.

தில்லியும் ஆக்ராவும் கண்டோம். அவற்றை விரிக்க இங்கே இடமில்லை. திரும்பும் வழியில், பகற்பொழுதில், வண்டி பேதுலைக் கடந்தது. அங்கே நிற்கவில்லை. ஆயினும் எங்கள் பெட்டியின் சன்னல்தோறும் மாணவர் முகங்கள் இருந்தன.