சதுப்பில் கிடைத்த மஞ்சள் ஊசித்தட்டான்

மகாராஷ்டிரத்தின் தென்கோடிக் கடலோர மாவட்டம் சிந்துதுர்க். அங்குள்ள விமலேஷ்வர் என்ற ஊரில் கிடைத்த ஓர் ஊசித்தட்டான், அதுவரை யாரும் விவரிக்காத இனம் என்று 2019இல் அறிவிக்கப்பட்டது. விவரித்தவர்கள் ஷந்தனு ஜோஷி, தத்தப்பிரசாத் சாவந்த். அவர்கள் வைத்த பெயர் செரியாக்ரியான் குரோமோதோராக்ஸ். கட்டுரையை வெளியிட்ட ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்சா’ இதழ் திருப்பூருக்கு அடுத்த கோயம்புத்தூரிலிருந்துதான் வருகிறது.

தட்டான் உட்காரும்போது இறக்கைகளை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டானில் பெரும்பாலானவை முதுகின் மேல் சேர்த்து மடித்துக்கொள்ளும். உடல் ஊசிபோல் மெலிந்தது. கண்கள் இரண்டும் ஒட்டாமல் தள்ளி நிற்கும். பிள்ளைகள் வால் என்று பிடித்து நூல் கட்டும் பகுதி உண்மையில் அதன் வயிறு. முட்டையிலிருந்து வரும் இளம்பூச்சி தண்ணீருக்குள் வளர்ந்து, கொசுப்புழு போன்றவற்றைத் தின்னும். அதன் பின்முனையில் இலைபோன்ற மூன்று செவுள்கள் இருக்கும். வளர்ந்த பின்னும் பல இனங்கள் பிறந்த சதுப்பை விட்டு அதிக தூரம் போவதில்லை. ஒரு சிறு பகுதியில் மட்டும் வாழும் இனங்கள் கண்ணில் படாமலேயே இருந்துவிட இதுவும் ஒரு காரணம்.

புதிய இனத்தின் நெருங்கிய உறவு ஒன்று நம் குளத்தங்கரைகளிலேயே பறக்கிறது. ஃபாப்ரீசியஸ் என்ற டேனிஷ் பூச்சியியலாளர் 1798இல் விவரித்த செரியாக்ரியான் கோரமண்டலியானம்தான் அது. பெயரிலேயே சோழமண்டலக் கரை இருக்கிறது. இந்தியாவின் பெரும்பகுதியில் காணப்படும் இந்த இனத்தின் ஆணுக்கு மார்பு பச்சை, வயிறு மஞ்சள். சிந்துதுர்க் ஆணுக்கோ மார்பே எலுமிச்சை மஞ்சள். கோடோ கறையோ கிடையாது. போகிற போக்கில் பார்ப்பவருக்கு இரண்டும் ‘மஞ்சள் ஊசித்தட்டான்’தான்.

நிறத்தை மட்டும் வைத்துப் புதிய இனம் என்று சொல்லிவிட முடியாது. புதிதாக இறக்கை முளைத்ததற்கு ஒரு நிறம், முதிர்ந்ததற்கு இன்னொரு நிறம். செத்தால் இரண்டும் மங்கிவிடும். அதனால்தான் மாதிரிகளை அசிட்டோனில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். நிறத்தைவிட உறுதியான சான்று ஆணின் வயிற்று நுனியில் இருக்கிறது. அங்குள்ள இரண்டு ஜோடிக் கொக்கிகளால்தான் அது பெண்ணின் முன்மார்பைப் பற்றுகிறது. அவற்றின் வடிவம் இனத்துக்கு இனம் மாறும். இரண்டாம் வயிற்றுக் கண்டத்தின் அடியிலுள்ள இனப்பெருக்க உறுப்பையும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பிறகு அதே பேரினத்தில் ஏற்கெனவே பெயர் பெற்ற அத்தனை இனங்களின் விவரிப்புகளோடும் ஒப்பிட வேண்டும். பூச்சியைப் பிடிப்பதைவிட இந்த வேலைதான் நீளம். கடைசியில் ஒரு மாதிரியை மூலமாதிரி என்று குறித்து, பிற்காலத்தவர் பார்க்கும்படி சேகரிப்பு ஒன்றில் வைப்பார்கள்.

சிந்துதுர்க் கடலோரம் என்றாலும் ஊசித்தட்டான்களுக்குப் பொதுவாக நன்னீரே ஒத்துவரும். உப்பு ஏறினால் அங்கே தங்கும் இனங்கள் சட்டென்று குறையும். விதிவிலக்குகளும் உண்டு. ஜப்பானில் 1972இல் விவரிக்கப்பட்ட மார்ட்டனாக்ரியான் ஹிரோசெய், கழிமுக நாணற்புதர்களின் உவர்நீரிலேயே வாழ்வது. பின்னர் ஹாங்காங்கிலும் கிடைத்தது.

உப்புப் பிரச்சினை திருப்பூருக்குப் புதிதல்ல. பருத்தித் துணிக்குச் சாயமேற்ற உப்பு வேண்டும். அந்தக் கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணைவரை போனது. 2011இல் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது ஊரறிந்த கதை. இத்தகைய நீரில் உப்பைத் தாங்கும் இஸ்னூரா செனகலென்சிஸ் போன்றவை தாக்குப்பிடிக்கும்; மற்றவற்றுக்கு அது கடினம். ஆகவே ஒரு குளத்தில் எத்தனை வகை ஊசித்தட்டான் பறக்கிறது என்பதைக் கொண்டே தண்ணீரின் தன்மையை ஓரளவு ஊகிக்கலாம்.

2022இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட திருப்பூரின் நஞ்சராயன் குளத்துக்குப் பெரும்பாலோர் பறவை பார்க்கத்தான் போகிறார்கள். கேமராவைக் கரையோரப் புல் பக்கமும் திருப்பலாம். பக்கவாட்டில் ஒரு படம், வயிற்று நுனியை நெருங்கி ஒரு படம், கூடவே நாளும் இடமும் இருந்தால் பல இனங்களை அடையாளம் கண்டுவிடலாம். ‘ஓடோனேட்டா ஆஃப் இந்தியா’ இணையதளம் இத்தகைய பதிவுகளைத் தொகுத்து வருகிறது.