சில்லும் மாவும்

உளியால் கொத்தினால் கருங்கல் சில்லாகத் தெறிக்கும். கிரைண்டரால் அறுத்தால் மாவாகப் பறக்கும். மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளின் அன்றும் இன்றும் இந்த வேறுபாட்டில் அடங்கிவிடுகிறது.

1957-இல் இங்கே அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கி, வைத்தியநாத ஸ்தபதி அதன் தலைமையை ஏற்ற காலத்தில், சிற்பியின் காலைப்பொழுது உலையில் விடிந்தது. மழுங்கிய உளிகளைக் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்த பிறகே கல்லில் கைவைப்பார்கள். கீற்றுக் கொட்டகையில், கடற்காற்றில் வேலை. ஆளுயரச் சிலைக்கு மாதங்கள் ஆகும்; தோள்பட்டை தேயும், விரல்கள் காய்த்துப்போகும். அப்போதும் தூசி இல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பகுதி காலடியிலேயே விழுந்துவிடும்.

இன்று கிரைண்டரால் மாதக்கணக்கு வாரக்கணக்காகச் சுருங்கியிருக்கிறது. தோளுக்கு ஓய்வு, வெளிநாட்டுக் கோயில்களின் ஆர்டரைக் குறித்த நாளில் முடிக்க முடிகிறது. 2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவை சிறிய லாபங்கள் அல்ல.

ஐந்து ரதம் சாலையில் ஒரு பட்டறையின் முன் நின்று பாருங்கள். அம்மன் சிலையின் புடவை மடிப்பை இழைப்பவரின் முகம் பிளேடிலிருந்து ஒரு முழம்கூட விலகியிருக்காது. இமையிலும் மீசையிலும் வெள்ளை. மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள்களை அந்தத் துண்டு தடுக்காது. நுரையீரலில் தங்கிய துகள் தழும்பை உண்டாக்கும். பல ஆண்டுகள் கழித்தே மூச்சிரைப்பு தெரியும். அதுதான் சிலிக்கோசிஸ். குணமாக்கும் மருந்து இல்லை. காசநோயும் எளிதில் தொற்றும். காசநோய் என்றே மருந்து சாப்பிட்டுக் காலம் கழிந்த கல் தொழிலாளிகள் நாடெங்கும் உண்டு. மாலையில் அதே துண்டு வீட்டுக்குப் போகிறது. அதை உதறித் துவைப்பவர் மனைவி. இதேபோல நுண்துகள் பறக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகளில் வேலை செய்தவர்களின் உடையைத் துவைத்தே நோய் கண்ட பெண்கள் பல நாடுகளில் இருந்திருக்கிறார்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் உத்தரவிட்டது. ஆனால் நாலைந்து பேர் தினக்கூலிக்கு வேலை செய்யும் சிற்பப் பட்டறையில் பதிவேடே கிடையாது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது 1948-இன் சட்டம். 2020-இன் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதை 20 ஆக உயர்த்திவிட்டது. கருவி வேகமாக வளர்ந்தது. காவல் பின்னால் நகர்ந்தது.

இயந்திரத்தைத் தூக்கிப்போட்டு உளிக்குத் திரும்பச் சொல்வது நியாயமில்லை. தண்ணீர் சொட்டவிட்டு அறுத்தால் தூசி பெருமளவு அடங்கும். உறிஞ்சும் குழாயும் தரமான முகக்கவசமும் மிச்சத்தைக் குறைக்கும். சிலிக்கோசிஸ் சான்று பெற்றவருக்கு 3 லட்சம் ரூபாய் தரும் கொள்கையை ராஜஸ்தான் 2019-இல் கொண்டுவந்தது. மாமல்லபுரம் அடங்கிய செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் அதே ஆண்டில்தான். மாவட்ட நிர்வாகம் பட்டறை பட்டறையாகச் சென்று சிற்பிகளுக்கு மார்பு எக்ஸ்ரே எடுக்கட்டும். வீட்டாரையும் சேர்த்தே பரிசோதிக்கட்டும்.