காவல் நின்றவர் கோல் போட்டார்!

தஞ்சை ஜில்லாவில் சம்பா அறுவடை முடியும். உளுந்தும் பயறும் எடுத்து ஆகும். சித்திரை வெயிலில் வயல் தரிசாகக் கிடக்கும். அப்புறம் அது பையன்களின் ராஜ்யம்! இரண்டு குச்சி நட்டால் கோல். ஒரு பந்து கிடைத்தால் போதும். பொழுது சாய்கிற வரை ஆட்டம்தான்.

அந்த ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். எல்லாப் பையன்களுக்கும் முன்னால் நின்று கோல் போட ஆசை. பின்னால் நிற்க ஒருவனுக்கும் மனம் வராது. "நீ பின்னாலே நில்லுடா" என்று இருப்பதிலேயே சின்னப் பையனைப் பிடித்துத் தள்ளுவார்கள். அவனும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பான்.

பின்னால் நிற்பது அவ்வளவு மட்டமான வேலையா?

இதற்குக் காவிரிக் கரைக்காரர்களே பதில் சொல்வார்கள். ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம் வரும். ஊர் தூங்கும். நாலு பேர் மட்டும் அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாகக் கரையில் நிற்பார்கள். கரை உடையாமல் விடிந்துவிட்டால் அந்த இரவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். உடைந்துவிட்டாலோ, ஆயுள் முழுவதும் பேசுவார்கள்!

கால்பந்து ஆட்டத்தில் 'பேக்' என்று பின்னால் நிற்பவரின் கதியும் இதுதான். அவர் தடுத்த நூறு பந்தை யாரும் எண்ணுவது இல்லை. விட்ட ஒரு பந்தை யாரும் மறப்பது இல்லை.

அப்படிக் காவல் நின்ற ஒருவர், நாட்டுக்குத் தேவை வந்தபோது தலையில் தையலுடன் முன்னால் ஓடினார். கோலும் போட்டார். இந்தியாவுக்குத் தங்கப் பதக்கம் வந்தது.

அவர்தான் ஜர்னைல் சிங்!

கால்வாய் நாட்டுப் பிள்ளை

ஜர்னைல் சிங் 1936-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 20-ந் தேதி பிறந்தார். பிறந்த இடம் பஞ்சாபில் உள்ள லயால்பூர். செனாப் ஆற்றில் இருந்து வெட்டிய கால்வாய்த் தண்ணீரால் செழித்த பூமி அது. நம் பக்கத்தில் காவிரியும் நெல்லும் எப்படியோ, அந்தப் பக்கத்தில் கால்வாயும் கோதுமையும் அப்படி.

1947-ம் ஆண்டு நாடு இரண்டாகப் பிரிந்தது. லயால்பூர், பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. இன்று அந்த ஊருக்குப் பைசலாபாத் என்று பெயர். லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டு, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டின. ஜர்னைல் சிங்கின் குடும்பமும் அப்படி வந்ததுதான். ஹோஷியார்பூர் ஜில்லாவில் குடியேறியது. அப்போது ஜர்னைலுக்கு வயது பதினொன்று.

மண் போயிற்று. ஊர் போயிற்று. கால் இருந்தது!

அந்த ஜில்லாவில் மஹில்பூர் என்று ஓர் ஊர். சின்ன ஊர்தான். ஆனால் கால்பந்துக்குப் பெயர் பெற்றது. அங்கே உள்ள கால்சா கல்லூரியில் ஜர்னைல் படித்தார், ஆடினார். நல்ல உயரம். முரட்டு உடம்பு. எதிரி காலில் இருக்கும் பந்தைச் சறுக்கிப் போய்ப் பறிப்பார். உயர வரும் பந்தைத் தலையால் அடித்து விரட்டுவார். பின்வரிசைக்கு என்றே பிறந்தவர் என்று சொல்லலாம். ஆனாலும் கல்லூரி நாட்களில் அவர் முன்வரிசையிலும் ஆடியது உண்டு. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேலை இருக்கிறது!

கல்கத்தா கொடுத்த பெயர்

அந்தக் காலத்தில் கால்பந்து என்றால் கல்கத்தா. இன்றுபோல் ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்துக்கு ஆடுகிற முறை அன்று சட்டப்படி கிடையாது. பெயருக்கு எல்லோரும் அமெச்சூர்தான். பலருக்கு ஏதாவது ஆபீசில் வேலை இருக்கும். மாலையில் மைதானம். ஆனாலும் நல்ல ஆட்டக்காரனைப் பிடிக்க கிளப்புகள் ஒன்றோடு ஒன்று போட்டி போடும்.

ஜர்னைல் முதலில் கால்சா ஸ்போர்ட்டிங் கிளப்பில் ஆடினார். பிறகு ராஜஸ்தான் கிளப். 1959-ம் ஆண்டு மோகன் பகான் கோஷ்டியில் சேர்ந்தார்.

மோகன் பகான் லேசுப்பட்ட கிளப் அல்ல. வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த 1911-ம் ஆண்டிலேயே வெள்ளைக்காரப் பட்டாளத்துக் கோஷ்டியைத் தோற்கடித்து ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய கிளப்! அன்று ஆடியவர்களில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெறுங்காலுடன் ஆடியவர்கள். அப்படிப்பட்ட கிளப்பின் பின்வரிசைக்கு ஜர்னைல் தூணாக நின்றார். சுமார் பத்து ஆண்டுகள் வேறு கிளப்புக்கு மாறவில்லை. அந்தக் காலத்தில் மோகன் பகான் 1962 முதல் 1965 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக்கை வென்றது. 1963, 1964, 1965 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து டூரண்டு கோப்பையும் அதற்கே.

ரோமாபுரியில் தஞ்சைக்காரர்

1960-ம் ஆண்டு ரோம் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. இந்திய கால்பந்து கோஷ்டியில் ஜர்னைல் இடம் பெற்றார். அதே கோஷ்டியில் நம் தஞ்சாவூரைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார். அவர் சைமன் சுந்தரராஜ். முன்வரிசை ஆட்டக்காரர். பின்னாளில் கேரள கோஷ்டிக்குப் பயிற்சி கொடுத்து, 1973-ம் ஆண்டு அந்த மாநிலம் முதல் தடவையாக சந்தோஷ் கோப்பையை வெல்லக் காரணமாக இருந்தவர். கோதுமை நாட்டுப் பிள்ளையும் நெல் நாட்டுப் பிள்ளையும் ஒரே கோஷ்டியில்!

ரோமில் இந்தியா, ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்றது. பிரான்சுடன் 1-1 என்று சரிசமமாக முடித்தது. பெருவிடம் 1-3 என்று தோற்றது. அடுத்த சுற்றுக்குப் போக முடியவில்லை. ஆனால் அந்த ஹங்கேரி, கடைசியில் வெண்கலப் பதக்கம் பெற்ற கோஷ்டி. அதனிடம் ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றது கேவலம் இல்லை. பின்வரிசை பலமாக நின்றதற்கு அது அடையாளம்.

ஜகார்த்தாவில் சோதனை

1962-ம் ஆண்டு இந்தோனேசியாவின் தலைநகரான ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் பந்தயம் நடந்தது.

இந்திய கோஷ்டியின் பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம். எல்லோரும் 'ரகீம் சாகிப்' என்று மரியாதையுடன் அழைப்பார்கள். கோஷ்டியின் தலைவர் சுனி கோஸ்வாமி. பி.கே.பானர்ஜியும், தமிழ்ப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்த துளசிதாஸ் பலராமும் முன்வரிசையில் இருந்தார்கள். கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ்.

ரகீம் சாகிப் உடம்பு அப்போது சரியாக இல்லை. நுரையீரலில் புற்றுநோய். அதையும் தாங்கிக்கொண்டு மைதானத்தில் நின்றார்.

முதல் ஆட்டமே தோல்வி! தென் கொரியா 2-0 என்று இந்தியாவை வென்றது. அடுத்து தாய்லாந்தை இந்தியா 4-1 என்று வென்றது. ஆனால் அந்த வெற்றிக்கு விலை கொடுக்க வேண்டி இருந்தது. ஜர்னைல் சிங்கின் தலையில் பலமான அடி. தையல் போட வேண்டியதாயிற்று.

அடுத்து ஜப்பானையும் இந்தியா 2-0 என்று வென்று அரை இறுதிக்கு வந்தது. ஆனால் ஜர்னைலை என்ன செய்வது?

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று ஒருவருக்கு அடிபட்டால் ஆட்டத்தின் நடுவிலேயே மாற்று ஆளை இறக்கலாம். உலகக் கோப்பையிலேகூட இந்த வசதி 1970-ம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முன் பதினொரு பேரில் ஒருவர் விழுந்தால் மிச்சம் பத்துப் பேர்தான். அதனால் ஒருவரே பல இடத்திலும் ஆடத் தெரிந்தவராக இருந்தால், அவர் மதிப்பே தனி.

தலையில் தையல், முன்னால் ஓட்டம்

பின்னால் நிற்கும் பேக் என்ன செய்ய வேண்டும்? உயர வரும் ஒவ்வொரு பந்துக்கும் எகிறி, தலையால் அடித்து விரட்ட வேண்டும். எதிரியோடு தலைக்குத் தலை மோத வேண்டி வரும். தையல் போட்ட தலையோடு அது ஆகிற காரியமா?

உட்கார வைத்தால் ஒரு சிங்கத்தை உட்கார வைத்ததுபோல் ஆகும். ரகீம் சாகிப் யோசித்தார். ஜர்னைல் கல்லூரி நாளில் முன்வரிசையில் ஆடியவர் என்பது அவருக்குத் தெரியும். துணிந்து ஒரு முடிவு எடுத்தார்.

ஜர்னைலை முன்னால் அனுப்பினார்! சென்டர் பார்வர்டு!

கரையில் காவல் நின்றவரைக் கூப்பிட்டு, "நீ போய் அறுவடை செய்" என்று சொன்னது போன்ற காரியம் இது. பலித்தால் புத்திசாலி என்பார்கள். பலிக்காவிட்டால்? ஊரே ஏசும். பின்வரிசைப் பொறுப்பு அருண் கோஷ், சந்திரசேகர், திரிலோக் சிங் முதலியோர் தலையில் விழுந்தது.

அரை இறுதியில் இந்தியா தென் வியட்நாமைச் சந்தித்தது. 3-2 என்று இந்தியாவுக்கு வெற்றி. சுனி கோஸ்வாமி இரண்டு கோல் போட்டார். மூன்றாவது கோல் யாருடையது?

ஜர்னைல் சிங்குடையது!

லட்சம் பேர் கூச்சல்

செப்டம்பர் மாதம் 4-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரில் முன்பு தோற்கடித்த அதே தென் கொரியா.

எதிரி மைதானத்துக்குள் மட்டும் இல்லை. வெளியிலும் இருந்தது! இஸ்ரேல், தைவான் நாட்டு வீரர்களுக்கு இந்தோனேசிய அரசு விசா கொடுக்கவில்லை. எல்லா ஆசிய நாட்டுக்கும் இடம் இல்லாதபோது இதை ஆசிய விளையாட்டு என்று அழைப்பது சரியா என்று இந்தியப் பிரதிநிதி சோந்தி கேட்டார். ஜகார்த்தா மக்களுக்குக் கோபம் மூண்டது. இந்தியத் தூதரகத்தின் மீதே கூட்டம் பாய்ந்தது. மைதானத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். இந்தியர்கள் பந்தைத் தொட்டாலே ஒரே கூச்சல்! கேலி!

அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்காகக் கைதட்டியவர்கள் சிலரே. அவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி கோஷ்டியினரும் இருந்தார்கள் என்று அன்று ஆடியவர்கள் பின்னாளில் நினைவு கூர்ந்திருக்கிறார்கள். பிரிவினையில் ஊரை இழந்து வந்த ஜர்னைலுக்கு, அந்த எல்லைக்கு அப்பால் இருந்து வந்தவர்களே கைதட்டினார்கள்!

ஆட்டம் தொடங்கியது. 17-வது நிமிஷம். பானர்ஜி ஒரு கோல் போட்டார். கூட்டம் அடங்குவதற்குள் 20-வது நிமிஷம். மறுபடியும் கோல்!

போட்டவர் ஜர்னைல் சிங்!

அதற்குப் பிறகு கொரியர்கள் விடாமல் மோதினார்கள். இந்தியப் பின்வரிசை மலைபோல் நின்றது. காய்ச்சலால் முந்திய ஆட்டங்களில் ஆடாமல் இருந்த தங்கராஜ், அன்று கோல் கம்பங்களுக்கு நடுவே நின்று தடுத்தார். ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள் இருக்கும்போதுதான் கொரியாவால் ஒரு கோல் போட முடிந்தது. 2-1 என்று இந்தியா வென்றது. தங்கப் பதக்கம்!

1951-ம் ஆண்டு புதுடெல்லியில் வென்ற தங்கத்துக்குப் பிறகு இது இரண்டாவது தங்கம். அதன் பிறகு 2023-ம் ஆண்டு ஹாங்சோவில் நடந்த பந்தயம் வரை, ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் கால்பந்துக்குத் தங்கம் கிடைக்கவில்லை.

ரகீம் சாகிப் அடுத்த ஆண்டு ஜூன் மாதம் 11-ந் தேதி காலமானார். அவர் வாழ்க்கையை வைத்து 'மைதான்' என்ற இந்திப் படம் 2024-ம் ஆண்டு வெளிவந்தது.

மறுபடியும் காவலுக்கு

தங்கப் பதக்கத்துக்குக் கோல் போட்டவர் பிறகு என்ன செய்தார்? "இனி நான் பார்வர்டுதான், பின்னால் நிற்க மாட்டேன்" என்று சொன்னாரா?

இல்லை. தலை ஆறியது. பழைய இடத்துக்கே திரும்பினார். மறுபடியும் பந்தைத் தடுக்கிற வேலை!

பின்னால் நின்ற அவரைத் தேடிப் பெருமைகள் வந்தன. 1964-ம் ஆண்டு அர்ஜுனா விருது கிடைத்தது. 1965 முதல் 1967 வரை இந்திய கோஷ்டிக்குத் தலைமை வகித்தார். ஆசியாவின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்து அமைத்த நட்சத்திர கோஷ்டிக்கும் அவரே தலைவர் ஆனார்.

ஆடி ஓய்ந்த பிறகும் மைதானத்தை விடவில்லை. 1970-ம் ஆண்டு பஞ்சாப் முதன்முதலாக சந்தோஷ் கோப்பையை வென்றது. 1974-ம் ஆண்டு மறுபடியும் வென்றது. இரண்டு தடவையும் பயிற்சி கொடுத்தவர் ஜர்னைல். பிறகு பஞ்சாப் அரசின் விளையாட்டு இலாகாவில் அதிகாரியாக இருந்தார்.

2000-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 13-ந் தேதி கனடா நாட்டில் வான்கூவர் நகரில் அவர் கண்ணை மூடினார். வயது 64.

எந்த வேலைக்கும் ஆள்

எல்லா வேலையும் அரைகுறையாகத் தெரிந்தவர் ஊருக்கு ஊர் உண்டு. அவரை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைக்க முடியாது. ஜர்னைல் சிங் அந்த ரகம் இல்லை. தன் வேலையை முழுசாகக் கற்றார். கோல் போடுகிறவன் எங்கே திரும்புவான், எப்போது உதைப்பான், எதற்கு ஏமாறுவான் என்று பின்னால் நின்று ஆண்டுக் கணக்கில் பார்த்தவர் அவர். அதனால் முன்னால் போனபோது அவருக்கு அது புது இடமாகத் தெரியவில்லை.

இன்று தஞ்சாவூர் அன்னை சத்யா மைதானத்திலும், ஊர்ப்புறப் பள்ளிக்கூட மைதானங்களிலும் பிள்ளைகள் ஆடுகிறார்கள். மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் பெற்றோர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "இன்றைக்கு எத்தனை கோல் போட்டாய்?"

கூடவே இன்னொரு கேள்வியும் கேட்கலாம். "இன்றைக்கு எத்தனை கோலைத் தடுத்தாய்?"