பூசாரிக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள்

தோட்டப்புறத் தோழர்களே! இந்த வாரம் நாம் எழுத வந்தது சம்பளத்தைப் பற்றியும் அல்ல, லயத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றியும் அல்ல. அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல் வீட்டின் பின்னறையில் நாம் பூட்டி வைக்கும் ஒரு துன்பத்தைப் பற்றி எழுதுகிறோம்.

பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே உதிரிப்பழம் பொறுக்கிப் பிழைக்கும் ஒரு தாயைச் சந்தித்தோம். மூத்த மகனுக்கு இருபத்திரண்டு வயது. படிப்பு முடித்து டவுனில் ஒரு கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். ஒரு தீபாவளிக்குப் பிறகு ஆள் மாறிப் போனான்.

"மொதல்ல தூக்கம் போச்சுங்க. அப்புறம் குளிக்க மாட்டான், யார்கிட்டயும் பேச மாட்டான். திடீர்னு சுவத்தப் பார்த்துச் சிரிப்பான். கடைக்காரன் சோத்துல ஏதோ கலந்துட்டான்னு சொல்லி, நான் ஆக்குன சோத்தையும் தொட மாட்டான். ஒரு நாள் பூரா ஒரே இடத்துல நின்னுக்கிட்டே இருந்தான், கைய மடக்குனா மடக்குனபடி இருக்கும்" என்றார் அந்த அம்மா.

செய்வினை என்றார்கள். பூசாரி வந்தார், போமோ வந்தார். முனியாண்டிக்குச் சேவல் அறுத்தார்கள். அம்மாவின் தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் அடகுக்குப் போனது. பதினெட்டு மாதம் கழித்துத்தான் மகன் ஒரு டாக்டரின் முகத்தைப் பார்த்தான். அந்தப் பதினெட்டு மாதத்தை நினைத்தால்தான் நம் நெஞ்சு கனக்கிறது.

இது என்ன நோய்?

இதற்கு ஸ்கிசோபிரினியா என்று பெயர். தமிழில் மனச்சிதைவு என்கிறோம். ஒரே ஆள் இரண்டு ஆளாக நடப்பது என்று சினிமாவைப் பார்த்துப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நினைப்பு, உணர்ச்சி, நடத்தை ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து போவதே மனச்சிதைவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. பெண்களுக்குச் சற்றுத் தாமதமாக வரலாம். ஏழை, பணக்காரர், எந்த இனத்தாரையும் இது விட்டு வைப்பதில்லை.

அறிகுறிகளை மூன்று கட்டாகப் பிரித்துப் பார்த்தால் நமக்கு எளிதில் விளங்கும். முதலாவது, இல்லாதது இருப்பதாகத் தோன்றுவது: யாரும் பேசாமலே காதில் குரல் கேட்பது, தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று அசையாமல் நம்புவது. இரண்டாவது, ஒழுங்கு குலைவது: பேச்சு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஓடுவது, காரணமின்றிச் சிரிப்பது. மூன்றாவது, இருந்தது குறைந்து போவது: ஆசை, அக்கறை, பேச்சு, குளியல் எல்லாம் வற்றிப் போவது. இந்த மூன்றாவதைத்தான் நாம் "சோம்பேறி" என்று திட்டுகிறோம். அது சோம்பல் அல்ல. நோயின் ஒரு பகுதி. இவை போதாதென்று சிலர் மரம்போல் அசைவற்று நின்றுவிடுவதும் உண்டு.

பழைய வைத்திய நூல்கள் இந்நோயைப் பெட்டி பெட்டியாகப் பிரித்தன. சந்தேகம் மிகுந்தது ஒரு பெட்டி, பேச்சும் நடத்தையும் குலைந்தது இன்னொரு பெட்டி, உடல் இறுகி நிற்பது மற்றொன்று. எந்தப் பெட்டியிலும் சரியாக அடங்காமல் எல்லாம் கலந்து வருபவர்களை "வகைப்படுத்த முடியாதது" என்று தனியாக வைத்தார்கள். நாம் சந்தித்த தம்பியின் நிலை அதுதான்: சந்தேகமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது, மௌனமும் இருந்தது, மரம்போல் நிற்பதும் இருந்தது.

உண்மையில் நோயாளிகள் அப்படிப் பெட்டிக்குள் அடங்குவதில்லை. இன்று சந்தேகம் மிகுந்திருப்பவர், அடுத்த ஆண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். ஆகவே 2013-இல் அமெரிக்க மனநல டாக்டர்களின் கையேடு அந்தப் பெட்டிகளை நீக்கிவிட்டது. 2022 முதல் நடப்பில் உள்ள உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் அதையே செய்தது. இன்று டாக்டர் பார்ப்பது, எந்த அறிகுறி எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான். ஆகவே பழைய சீட்டில் ஒரு பெயரும் புதுச் சீட்டில் வேறு பெயரும் இருந்தால், டாக்டருக்கே நோய் தெரியவில்லை என்று பயந்துவிடாதீர்கள்.

ஏன் வருகிறது?

ஒரே காரணம் என்று ஒன்றில்லை. பரம்பரைக்குப் பங்குண்டு, தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்பார்கள். அப்படியானால் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு வருவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. மூளையில் டோப்பமின் என்ற இரசாயனம் வேலை செய்யும் முறை பிசகுவதும் காரணங்களில் ஒன்று. சிறு வயதிலேயே கஞ்சா பிடிப்பது ஆபத்தைக் கூட்டுகிறது. சியாபு என்னும் போதைப்பொருளும் இதே மாதிரி குரல் கேட்க வைக்கும். அதனால்தான் டாக்டர் முதலில் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதிக்கிறார். தைராய்டு கோளாறு, வலிப்பு, மூளைக் காய்ச்சல் ஆகியவையும் இப்படி வேடம் போடும். தாயின் வளர்ப்பு சரியில்லாததால் வந்தது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்த அம்மா பிள்ளையைத் தவறாக வளர்க்கவில்லை.

வைத்தியம் என்ன?

1952-இல் குளோர்புரோமசின் என்ற மருந்து வந்த பிறகுதான் இந்நோய்க்கு உருப்படியான மருந்து வைத்தியம் பிறந்தது. இன்று ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், ஹாலோபெரிடோல் என்று பல மாத்திரைகள் உள்ளன. தூக்கமும் பதற்றமும் சில நாளில் சீராகலாம். குரல்களும் சந்தேகமும் அடங்கச் சில வாரங்கள் ஆகும். "ஒரு வாரம் குடுத்தோம், ஒண்ணும் ஆகல" என்று வீசி எறிவது பெரும் பிழை.

தினமும் மாத்திரை விழுங்க மறப்பவர்களுக்கு ஊசி இருக்கிறது. மருந்துக்கு ஏற்ப இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு முறை போட்டால் போதும். இரண்டு வகை மருந்தைச் சரியான அளவில், போதிய காலம் கொடுத்தும் குணம் தெரியாவிட்டால் குளோசபின் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். அது வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடக் கூடும் என்பதால் தொடக்கத்தில் வாராவாரம் இரத்தம் பார்ப்பார்கள். உடல் இறுகிச் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் நிற்பவருக்கு மின் சிகிச்சை உயிரைக் காக்கும். மயக்கம் கொடுத்துத்தான் செய்கிறார்கள், படத்தில் காட்டுவதுபோல் அல்ல.

மருந்தில் தொந்தரவு இல்லையா? உண்டு. கை நடுக்கம், உடம்பு விறைப்பு, எடை கூடுதல், சர்க்கரை ஏறுதல் எல்லாம் வரலாம். அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார். நீங்களாக நிறுத்தாதீர்கள். கள்ளும் சம்சுவும் இந்த மருந்தோடு சேரவே கூடாது.

நம் தம்பியின் கதையில் இரண்டாவது அடி இங்கேதான் விழுந்தது. மருந்து தொடங்கி ஆறு மாதத்தில் நன்றாகத் தேறிவிட்டான். ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா, "நல்லா இருக்கிற பையனுக்கு எதுக்குடா மருந்து? கிட்னி போயிரும்" என்றார். நிறுத்தினார்கள். மூன்றே மாதத்தில் குரல்கள் திரும்பின. செத்துப் போ என்று அந்தக் குரல் சொன்னதாம். தோட்டத்துக் குளத்தருகே நின்றவனைப் பால் வெட்டிவிட்டு வந்த ஒரு அண்ணன் கண்டு, பேச்சுக் கொடுத்து வீட்டுக்கு அழைத்து வந்தார். நோயாளி பிறரைத் தாக்குவார் என்று நாம் பயப்படுகிறோம். தன் உயிரை அவர் மாய்த்துக்கொள்வாரோ என்பதுதான் நாம் இன்னும் அதிகமாகப் பயப்பட வேண்டியது. சாவைப் பற்றிப் பேசினால் "சும்மா பேசுறான்" என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கை மீறினால் 999-ஐ அழையுங்கள்.

எங்கே போவது?

"தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்" என்று நம் வீடுகளில் பிள்ளைகளை மிரட்டுவோம். 1911-இல் அங்கே தொடங்கிய மனநோய் மருத்துவமனைக்கு இன்று பெயர் பகாகியா. மகிழ்ச்சி என்று பொருள். ஆனால் எல்லாரும் அங்கே போக வேண்டியதில்லை. முதலில் பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து மனநலப் பிரிவு உள்ள பொது மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். மெந்தாரி என்ற சமூக மனநல நிலையங்கள் வேலைப் பயிற்சிக்கும் வழி காட்டுகின்றன. நோய் நீண்டு வேலை செய்ய இயலாமல் போனால் சமூக நல இலாகாவில் ஓக்கு அட்டைக்கு மனு செய்யலாம். மனநலக் குறைபாட்டுக்கும் அதில் இடமுண்டு.

வீட்டிலே நாம் செய்ய வேண்டியதும் உண்டு. குரல் பொய் என்று சண்டை போடாதீர்கள். ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம். "உனக்குக் கேக்குது, எனக்குக் கேக்கலப்பா, பயமா இருக்கா?" என்று கேளுங்கள். ஏச்சும் குத்தலும் மிகுந்த வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்பது ஆராய்ச்சியில் கண்ட உண்மை. தூக்கம் கெடுவது, ஒதுங்குவது, சந்தேகம் தலைகாட்டுவது ஆகியவை நோய் திரும்புவதற்கு அடையாளம். தவணைத் தேதிக்குக் காத்திராமல் கிளினிக்குக்குப் போங்கள். கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விபூதி பூசிக்கொண்டே மாத்திரையும் சாப்பிடலாம்.

அந்தத் தம்பி இப்போது மாதம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறான். தோட்டத்து நாற்றங்காலில் செம்பனைக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். குரல் முழுக்கப் போகவில்லை. "ரேடியோ மாதிரி மெதுவா கேக்கும்ணே, நான் என் வேலையப் பார்ப்பேன்" என்று நம்மிடம் சொன்னான். மூவரில் ஒருவராவது முழுக் குணம் அடையலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. மற்றவர்களும் மருந்தோடும் ஆதரவோடும் இப்படி வாழ முடியும்.

விடைபெறும்போது அந்த அம்மா ஒன்று கேட்டார்: "எனக்கப்புறம் இவன ஊசிக்கு யாருங்க கூட்டிட்டுப் போவா?"

நம்மிடம் உடனே பதில் இல்லை. ஆனால் பக்கத்தில் நின்ற தங்கை, "நான் தேதிய எழுதி வச்சிருக்கேம்மா" என்றாள். ஒவ்வொரு லயத்திலும், ஒவ்வொரு அடுக்குமாடியிலும் அப்படித் தேதி எழுதி வைக்க ஒரு ஆள் வேண்டும். உங்கள் வீட்டில் அது யார்? இன்றே பேசி முடிவு செய்யுங்கள்.