மந்தமான வீட்டுக் கணினியை விரைவுறச் செய்தல்

வீட்டுக் கணினி சில ஆண்டுகளில் மந்தமாகிவிடுவது யாவரும் கண்டதே. இயந்திரம் மூப்படைந்துவிட்டது எனக் கருதிப் புதியது வாங்குவோர் உண்டு. உள்ளவற்றையெல்லாம் அழித்து மென்பொருளை மறுபடி நிறுவுவோரும் உண்டு. பின்கூறிய முறையில், பல்லாண்டு மதிப்பெண் பட்டியல்களும் கள அளவைக் குறிப்புகளும் ஒரு மணி நேரத்தில் மறைந்துபோகக் கூடும். ஆதலின் எதனையும் மாற்றுமுன் காரணத்தை அறிதல் வேண்டும்.

மந்தமாயிருப்பது கணினியா, இணைய இணைப்பா என்பதே முதற் கேள்வி. அந்தமான் தீவுகளில் இவ்வேறுபாடு மிக முக்கியமானது. சென்னையிலிருந்து இடப்பட்ட கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டு 10-ஆம் தேதி தொடங்கிவைக்கப்படும் வரையில், இத்தீவுகள் செயற்கைக் கோள்களையே நம்பியிருந்தன. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள கோளுக்குச் சென்று மீளவே செய்திக்கு ஏறத்தாழக் கால் விநாடி பிடிக்கும், அலைவரிசையும் குறைவு. அந்நாளில் ஜங்லிகாட் வீடொன்றில் இணையப் பக்கம் திறக்கத் தாமதித்தால், கணினியைக் குறைகூறிப் பயனில்லை. சோதனை எளிது. இணைப்பைத் துண்டித்துவிட்டு, கணினியிலேயே உள்ள கோப்பு ஒன்றைத் திறந்து பார்க்கலாம். அதுவும் தாமதித்தால் குறை இயந்திரத்தினுடையது.

அப்போது பெரும்பாலும் நினைவகப் பற்றாக்குறையே காரணமாகும். நினைவகம் நிரம்பியதும் கணினி வன்தட்டைத் துணைக்கழைக்கிறது. நிமிஷத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டு அரைச்சுற்றுச் சுற்றவே சுமார் 5.6 மில்லி விநாடி ஆகும். நினைவகமோ அதே வேலையை ஒரு மில்லி விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கில் முடித்துவிடும். ஆசிரியர்கள் இக்கணக்கை மாணவரைக் கொண்டே போட்டுப் பார்க்கச் செய்யலாம். வின்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் தோன்றும். எந்த நிரல் எவ்வளவு நினைவகத்தைக் கொள்கிறது என்பதை அதிற் காணலாம். கணினி தொடங்கும்போதே தாமாக ஓடும் தேவையற்ற நிரல்களையும் அங்கேயே நிறுத்தலாம். இதனால் கோப்பு எதுவும் அழியாது. வைரஸ் தடுப்பு நிரலை மட்டும் நிறுத்தலாகாது.

மந்தம் சிலவேளை வன்தட்டு பழுதுறுவதன் அறிகுறியுமாகும். 'டிக், டிக்' என ஓசை எழுந்தாலும், கோப்புகள் திறவாமல் நின்றாலும், துப்புரவு நிரல்களை ஓட்டலாகாது. அவை தட்டுக்கு மேலும் வேலை கொடுத்து, எஞ்சியதையும் கெடுத்துவிடும். முதலில் முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து, நகல்களுட் சிலவற்றைத் திறந்தும் சரிபார்க்க வேண்டும். அதன்பின் எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத சேமிப்பகத்தை மாற்றிப் பொருத்தினால், பழைய கணினியும் வியக்கத்தக்க விரைவு பெறும்.

ஜங்லிகாட் போன்ற கரையோரங்களில் உப்பும் ஈரமும் கலந்த காற்று உலோக இணைப்புகளை அரிக்கிறது. விசிறியிலும் தூசு படிந்து இறுகுகிறது. உஷ்ணம் மிகுந்தால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்னிணைப்பை அறவே நீக்கி, விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்தூரிகையால் தூசு அகற்றலாம்.

நிமிஷத்தில் வேகங்கூட்டுவதாக விளம்பரம் செய்யும் நிரல்களை நிறுவாதிருத்தல் நன்று. அவற்றுட் பல தாமே சுமையாகும், சில வேவும் பார்க்கும். திரையில் 'ரெஃப்ரெஷ்' என்னும் கட்டளையைப் பன்முறை அழுத்துவது நம் நாட்டிற் பலருக்குள்ள பழக்கம். அது திரையிலுள்ள சின்னங்களை மீண்டும் வரைகிறது, வேறொன்றும் செய்வதில்லை.